‘ரெண்டு நாள் பார்க்கலாம்’: செல்லப்பிராணி வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உடம்பு சரியில்லை என்று நாயையோ பூனையையோ தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை நாளாக?” அடுத்தது, “வீட்டில் ஏதாவது மருந்து கொடுத்தீர்களா?” இந்த இரண்டுக்கும் வரும் பதிலிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஒரு வாரமாக லேசாக இருந்தது, தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டோம் என்பார்கள். அல்லது, வீட்டில் இருந்த மாத்திரையில் பாதியைக் கொடுத்தோம் என்பார்கள். இப்படிச் சொல்கிறவர்களில் பெரும்பாலோர் தங்கள் பிராணிமீது உயிரையே வைத்திருப்பவர்கள். அதனால்தான் இதை விரிவாக எழுதத் தோன்றுகிறது. கொஞ்சம் தெரிந்திருந்தால் அவர்கள் இந்தத் தவறுகளைச் செய்யவே மாட்டார்கள்.

உங்கள் மருந்துப் பெட்டி உங்களுக்கு மட்டும்

பூனையைத் தொட்டால் சுடுவதுபோல் இருக்கிறது. வீட்டில் பாராசிட்டமால் இருக்கிறது. குழந்தைக்குக் கொடுப்பதுபோல் உடைத்து, பொடித்து, உணவில் கலந்து வைத்துவிடுகிறார்கள். முதலில், அது காய்ச்சலாக இல்லாமலே இருக்கலாம். நாய்க்கும் பூனைக்கும் இயல்பான உடல் வெப்பமே ஏறத்தாழ 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 37 டிகிரி உடம்புக்காரரின் கைக்கு அவை எப்போதும் சூடாகத்தான் படும். மூக்கு உலர்ந்திருப்பதும் காய்ச்சலுக்கு அடையாளம் ஆகாது. தூங்கி எழுந்த நாயின் மூக்கு உலர்ந்திருப்பது சகஜம். ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்ப்பது ஒன்றே சரியான வழி.

பாராசிட்டமாலைக் கழித்து வெளியேற்ற மனிதரின் கல்லீரலில் ஒரு நொதி இருக்கிறது. பூனையின் கல்லீரலில் அது மிகக் குறைவு. வெளியேற வழியில்லாத மருந்து நச்சாக மாறி ரத்தத்தின் சிவப்பணுக்களைத் தாக்குகிறது; ரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகிறது. சில மணி நேரத்தில் ஈறு பழுப்பு நிறத்துக்கு மாறும், முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சு வாங்கும். 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதியே ஒரு பூனையின் உயிரை எடுக்கப் போதும். முறிமருந்து உண்டு என்றாலும், எவ்வளவு சீக்கிரம் வருகிறீர்களோ அவ்வளவுக்குத்தான் அதனால் பலன்.

நாய் நொண்டுகிறது என்று இபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலிமாத்திரைகளைக் கொடுப்பதும் இதே ரகம்தான். இரைப்பையில் புண் வந்து ரத்த வாந்தி, கறுத்த மலம், சில நேரம் சிறுநீரகச் செயலிழப்பு என்று போய் நிற்கும். கால்வலிக்கு வரவேண்டிய நாய், அந்த மாத்திரையால் உயிருக்குப் போராடிக்கொண்டு வருகிறது.

நாய்க்கான உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடுவது இன்னொரு பெரிய தவறு. முதுகில் சொட்டுவிடும் மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். நாய் தாங்கும், பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் வந்துவிடும். டப்பாவில் நாய்க்கு என்று போட்டிருந்தால் அது நாய்க்கு மட்டும்தான். தண்ணீரில் ஊற்றினால் பால்போல் வெளுக்கும் பினாயில் வகைகளிலும் கவனம் வேண்டும். பூனை ஈரத் தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும். அவற்றில் இருக்கும் ஃபீனாலைக் கழித்து வெளியேற்றுவதும் பூனையின் கல்லீரலுக்குக் கடினம்.

போன வருடம் எழுதிக்கொடுத்த சீட்டை வைத்து இந்த வருடமும் அதே மருந்தை வாங்குவது, வேறொருவர் நாய்க்குப் பலன் தந்த மருந்தைக் கொடுப்பது, இவையும் வேண்டாம். ஒரே மாதிரி சொறியும் இரண்டு நாய்களில் ஒன்றுக்குப் பூஞ்சைத் தொற்று இருக்கும், மற்றதற்குத் தெள்ளுப்பூச்சியால் வந்த ஒவ்வாமை இருக்கும்.

சரியான மருந்தையும் தவறாகப் புகட்டினால் ஆபத்துதான். தலையை அண்ணாந்து பிடித்து, வாயைத் திறந்து, சிரப் மொத்தத்தையும் தொண்டையில் ஊற்றுகிறார்கள். அதில் கொஞ்சம் நுரையீரலுக்குள் இறங்கினாலும் நிமோனியா வந்துவிடும். தலையை அதன் இயல்பான உயரத்திலேயே விடுங்கள். ஊசியில்லாத சிரிஞ்சை வாயின் ஓரத்தில், கன்னத்துக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே நுழையுங்கள். ஒரு மில்லி விடுங்கள். தொண்டை அசைந்து விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்த மில்லி. இருமினால் நிறுத்திவிடுங்கள். ஐந்து நிமிடம் ஆனால் ஆகட்டும்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

வலியை வெளியே காட்டாமல் மறைப்பது விலங்குகளின் இயல்பு. பூனை இதில் கைதேர்ந்தது. வாலாட்டுகிறது, அதனால் ஒன்றுமில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நமக்குத் தெரிகிற அளவுக்கு ஒரு பூனை சோர்ந்துவிட்டது என்றால், உள்ளே நோய் தொடங்கிச் சில நாட்கள் ஆகியிருக்கும்.

எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் மிகவும் விரும்புவது கடுவன் பூனையின் சிறுநீர் அடைப்பு. பூனை மணல் தட்டில் போய் உட்காருகிறது. முக்குகிறது. எழுந்து வந்து அடிப்பக்கத்தை நக்குகிறது. கொஞ்ச நேரத்தில் மறுபடி போய் உட்காருகிறது. சில நேரம் ஒரு மாதிரி அடித்தொண்டையில் கத்துகிறது. வீட்டார் இதை மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் புகட்டிவிட்டுக் காத்திருக்கிறார்கள். மணலைக் கிளறிப் பாருங்கள். நனைந்த கட்டி ஒன்றுகூட இல்லையென்றால், அல்லது ஒன்றிரண்டு சொட்டு மட்டும் ரத்தம் கலந்து இருந்தால், அது சிறுநீர்க்குழாய் அடைப்பு. கடுவனின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலானது. சிறு கல்துகளோ சளிபோன்ற கசடோ அதை அடைத்துவிடும். வெளியேற வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போய் இதயத்தையே நிறுத்திவிடும். ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். இரவு 11 மணிக்குக் கவனித்தால் இரவு 11 மணிக்கே கிளம்ப வேண்டும்.

பூனை இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்றால் பசி வந்தால் தானே சாப்பிடும் என்று விட்டுவிடாதீர்கள். பட்டினி கிடக்கும் பூனையின் உடல் தன் கொழுப்பைக் கல்லீரலுக்கு அனுப்பும். கல்லீரல் அதைச் சமாளிக்க முடியாமல் செயலிழக்கும். குண்டுப் பூனைக்கு இந்த ஆபத்து அதிகம். முயல் வளர்ப்பவர்களுக்கு அவகாசம் இதைவிடக் குறைவு: அரை நாள் சாப்பிடாமலும் புழுக்கை போடாமலும் இருந்தாலே அவசரம்தான்.

கருத்தடை செய்யாத பெட்டை நாய், பருவம் முடிந்த சில வாரங்களில் வழக்கத்துக்கு மாறாக நிறையத் தண்ணீர் குடித்தால், சோர்ந்து படுத்தால், கருப்பையில் சீழ் கட்டியிருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். சீழ் வெளியே வடிந்தால் தெரிந்துவிடும். வடியாத வகை இன்னும் கொடியது. நெஞ்சு ஆழமான பெரிய நாய் வாந்தி எடுக்க முயன்று எதுவும் வராமல் திணறுகிறது, வயிறு உப்பிக்கொண்டே போகிறது என்றால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அங்கே கணக்கு மணி நேரத்தில்தான்.

தடுப்பூசி: ‘ஒன்று போட்டாச்சு’ போதாது

குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி போடுகிறார்கள். பிறகு வருவதே இல்லை. தாயின் சீம்பால் வழியாகக் கிடைத்த எதிர்ப்பாற்றல் குட்டியின் ரத்தத்தில் சில வாரங்கள் இருக்கும். அது இருக்கும்வரை, நாம் போடும் தடுப்பூசியையும் அதுவே செயலிழக்கச் செய்துவிடும். அது எந்த வாரத்தில் தீர்கிறது என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வார வயது தாண்டும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம். கடைசி ஊசியை விட்டுவிட்டால் முன்னால் போட்டவை அத்தனையும் வீணாகியிருக்க வாய்ப்பு உண்டு. ரத்தக் கழிச்சலுடன் வரும் பார்வோ என்ற குடல் நோயில் நான் பார்க்கும் குட்டிகளில் பல இப்படிப் பாதியில் நின்றவைதான். பார்வோ வைரஸ் மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வெளியே போகாத குட்டிக்கும் உங்கள் செருப்பு வழியாக வந்து சேரும்.

வெறிநோய் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அறிகுறி தோன்றிய பிறகு அநேகமாக யாரும் பிழைப்பதில்லை, மனிதராக இருந்தாலும் விலங்காக இருந்தாலும். மனிதருக்கு வருவதில் 99 சதவீதம் நாய் வழியாகத்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் வீட்டுக் குட்டிதானே, விளையாட்டாகத்தானே பல் பட்டது என்று விடுகிறார்கள். தடுப்பூசி போடாத குட்டியின் பல் பட்டாலும், நகம் கீறினாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் முழுதாகக் கழுவுங்கள். அந்தக் கழுவலே வைரஸின் அளவைப் பெரிதும் குறைத்துவிடும். காயத்தில் மஞ்சள், எண்ணெய், மிளகாய்ப்பொடி எதுவும் வைக்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். உங்கள் பிராணிக்கான ஊசியின் தேதி ஏட்டில் இருக்கட்டும். ஞாபகத்தை நம்ப வேண்டாம்.

குடற்புழு நீக்கத்தைப் பலர் சிறு விஷயமாக நினைக்கிறார்கள். நாய்க்குட்டிகள் பெரும்பாலும் தாயின் வயிற்றிலேயே உருண்டைப்புழுவை வாங்கிக்கொண்டுதான் பிறக்கின்றன. அதனால் இரண்டு வார வயதிலேயே மருந்தைத் தொடங்க வேண்டும். இந்தப் புழுவின் முட்டை குழந்தைகளின் வயிற்றுக்குள் போனால், அதிலிருந்து வரும் இளம்புழு கண்வரை போய்ப் பார்வையைக் கெடுக்கக்கூடும்.

உண்ணி, தெள்ளு விஷயத்தில் நாயை மட்டும் குளிப்பாட்டிப் பயனில்லை. உடம்பில் நாம் பார்க்கிற தெள்ளுப்பூச்சி மொத்தத்தில் 5 சதவீதம் அளவுக்குத்தான். மிச்சம் முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாகப் படுக்கையிலும் தரை விரிப்பிலும் கிடக்கிறது. பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவர் இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். படுக்கையை வெந்நீரில் துவையுங்கள், இடுக்குகளைச் சுத்தம் செய்யுங்கள். உண்ணியைத் தீக்குச்சியால் சுட வேண்டாம், மண்ணெண்ணெய் தடவவே வேண்டாம். தோல் வெந்துபோய் வந்த நாய்களைப் பார்த்திருக்கிறேன்.

தட்டில் என்ன இருக்கிறது

வெங்காயமும் பூண்டும், சமைத்திருந்தாலும், சிவப்பணுக்களை உடைக்கும். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை நாய்க்குக் கூடாது. சர்க்கரையில்லாத சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால் அரை மணி நேரத்திலேயே நாயின் ரத்தச் சர்க்கரையைத் தரைமட்டமாக்கும். வேகவைத்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். லில்லி மலரின் மகரந்தம் உடம்பில் ஒட்டி, அதை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் போய்விடும். பூனை உள்ள வீட்டில் அந்தப் பூவே வேண்டாம். நச்சான எதையாவது தின்றுவிட்டது என்றால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்பே நஞ்சாகிவிடும்.

நாய்க்கான உணவையே பூனைக்கும் போட்டு வளர்ப்பவர்கள் உண்டு. டாரின் என்ற சத்தை நாயின் உடல் தானே தயாரித்துக்கொள்ளும். பூனையால் போதிய அளவு முடியாது. மாதக்கணக்கில் அது கிடைக்காமல் போனால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும், இதயத்தசை பலவீனமாகும்.

இவை எல்லாவற்றையும்விட நான் அதிகம் பார்ப்பது அளவுக்கு மீறிய எடை. 48 லாப்ரடார் நாய்களைக் குட்டிப் பருவத்திலிருந்து சாகும்வரை கவனித்து 2002இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. ஒரே ஈற்றில் பிறந்தவற்றை இணை இணையாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவை ஏறத்தாழ இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு நோயும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. அந்தக் கெஞ்சும் கண்களைப் பார்த்து ஒரு துண்டு போடாமல் இருப்பது கஷ்டம்தான், எனக்குப் புரிகிறது. ஆனாலும் விலாவில் கை வைத்துப் பாருங்கள். அழுத்தாமலே விலா எலும்புகள் ஒவ்வொன்றாக விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். தேடிப் பிடிக்க வேண்டியிருந்தால் தட்டைக் குறையுங்கள்.

வெயிலும் பழக்கமும்

நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. சப்பை மூக்கு நாய்களுக்கு அதுவும் சரியாக முடியாது. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்த காரும் நிமிடங்களில் அடுப்பாகிவிடும். வெயில் தாக்கி நாய் தள்ளாடினால் முதலில் தண்ணீரை ஊற்றிக் காற்றுப் படச் செய்யுங்கள், பிறகு தூக்கிக்கொண்டு ஓடி வாருங்கள். ஈரத் துணியால் போர்த்தி மூடினால் சூடு உள்ளேயே நிற்கும்.

நாற்பது நாள்கூட ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து வாங்காதீர்கள்; எட்டு வாரமாவது இருக்கட்டும். கடிக்கும்போது எவ்வளவு அழுத்தலாம் என்பதைத் தாயிடமும் உடன்பிறந்தவையிடமும்தான் அது கற்கிறது. ஒருமுறையாவது குட்டி போட்ட பிறகுதான் கருத்தடை செய்ய வேண்டும் என்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை. அந்த ஒரு ஈற்றுக் குட்டிகளுக்கு வீடு தேடித் தர முடியாமல் தெருவில் விடுகிறவர்களே அதிகம்.

கடைசியாக ஒன்று. எங்களிடம் வரும்போது பிராணியோடு தகவலையும் கொண்டுவாருங்கள். தின்ற மாத்திரையின் அட்டை, எத்தனை மணிக்கு என்பது, வாந்தியின் படம். இருமலும் நொண்டலும் பெரும்பாலும் மருத்துவர் முன்னால் நின்றுவிடும், அதனால் வீட்டிலேயே கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். வலிப்பு வந்தால் வாய்க்குள் கைவிடாதீர்கள். நாக்கை அது விழுங்கிவிடாது, உங்கள் விரல்தான் கடிபடும். சுற்றியிருக்கும் மேசை நாற்காலியை நகர்த்துங்கள், விளக்கை அணையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் அந்த நிமிடமே கிளம்புங்கள்.