திருகோணமலையில் உளவளத்துணைக்குப் போவது எப்படி: முதல் மெசேஜிலிருந்து நாலாவது சந்திப்பு வரை

மனப்பாரத்துக்கு யாரிடமாவது உளவளத்துணைக்கு, அதாவது கவுன்சிலிங்குக்கு, போய்ப் பேசத்தான் வேண்டும் என்று நீங்கள் முடிவெடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். போகலாமா வேண்டாமா என்ற விவாதம் இதில் இல்லை. நான் போனேன், தூக்கம் திரும்பி வந்தது, இப்போதும் போய்க்கொண்டிருக்கிறேன்.

ஒரு விஷயம் மட்டும் முதலில். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதென்றால் கீழே உள்ள எதற்கும் காத்திருக்க வேண்டாம். 1926க்கு எடுங்கள். அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், தமிழிலேயே பேசலாம், நடுச்சாமத்திலும் எடுக்கலாம். நிலைமை கைமீறிப் போகிறதென்றால் 1990 அம்புலன்ஸ், இல்லாவிட்டால் நேரே வைத்தியசாலையின் அவசரப் பிரிவு.

யாரிடம் போவது

மனநல வைத்தியர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநலம் படித்தவர், மருந்து எழுதுவார். உளவியலாளரும் உளவளத்துணையாளரும் மருந்து எழுத மாட்டார்கள், பேச்சு வழியாகத்தான் சிகிச்சை. சாப்பாடு இறங்கவில்லை, நாள்கணக்கில் தூக்கமில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, இல்லாத குரல் கேட்கிறது என்றால் வைத்தியரிடம்தான் முதலில் போக வேண்டும். அரசாங்க வைத்தியசாலையில் காசு இல்லை. வெளிநோயாளர் பிரிவில் துண்டு எடுத்து விஷயத்தைச் சொன்னால் மனநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். தைரொயிட் குறைந்தாலும் இதே சோர்வும் மனப்பாரமும் வரும், அதனால் இரத்தப் பரிசோதனை தேவையா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

இழப்பு, வீட்டுச் சண்டை, பயம், பழைய ஞாபகங்கள் என்றால் உளவளத்துணையில் தொடங்கலாம். பல பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறார், அதுவும் இலவசம், ஆனால் பலருக்கு இது தெரியாது. தனியாரிடம் போவதானால் என்ன படித்தீர்கள், எத்தனை வருடம் படித்தீர்கள், உங்கள் வேலையை மேற்பார்வை செய்பவர் யார் என்று மூன்றையும் கேளுங்கள். சில மாதச் சான்றிதழ் வகுப்போடு பலகை மாட்டியவர்களும் இருக்கிறார்கள். நன்றாகப் படித்தவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

மொழி விஷயத்தில் எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. உங்களுக்கு ஆங்கிலமோ சிங்களமோ எவ்வளவு நன்றாக வந்தாலும் தமிழில் பேசுகிறவரையே தேடுங்கள். அழுகை வரும்போது எந்த மொழியில் வாய் திறக்கிறதோ அந்த மொழிதான் அங்கே வேலைக்கு ஆகும். ஒன்லைனில் சென்னையில் உள்ளவர்களும் கிடைக்கிறார்கள், நல்லவர்களும் உண்டு, ஆனால் முகாம் என்றால் என்ன, 1990இல் இடம்பெயர்ந்தது எப்படி, சுனாமிக்குப் பிறகு கடற்கரை வீடுகள் என்னவாகின என்று காசு கொடுத்த நேரத்தில் பாடம் எடுக்க வேண்டியிருக்கும். ஊருக்குள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் மட்டக்களப்பிலோ வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவரிடம் ஒன்லைனில் போகலாம்.

முதல் மெசேஜ்

இங்கேதான் நான் நின்றுபோனேன். இலக்கம் கையில் இருந்தது, என்ன சொல்வதென்று தெரியவில்லை. எழுதத் தொடங்கினால் சின்ன வயதிலிருந்து எல்லாக் கதையும் வருகிறது, அழித்தால் ‘வணக்கம்’ மட்டும் மிஞ்சுகிறது. கடைசியில் ஒரு கொப்பித் தாளில் நாலு விஷயம் மட்டும் எழுதினேன்: எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது, தூக்கமும் சாப்பாடும் எப்படி, முன்னர் செய்த எதை இப்போது செய்ய முடியவில்லை, ஏற்கெனவே ஏதாவது மருந்து எடுக்கிறேனா. அதையே சுருக்கி அனுப்பினேன். உங்களுக்கும் இது போதும்:

‘வணக்கம் மிஸ். திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். சில மாதங்களாக இரவில் தூக்கம் இல்லை, ஆட்களோடு பேசப் பிடிக்கவில்லை, வேலையில் கவனம் நிற்கவில்லை. உங்களிடம் உளவளத்துணை பெற விரும்புகிறேன். புதிய ஆட்களை எடுக்கிறீர்களா? கட்டணம் எவ்வளவு, எந்த நேரம் சரிவரும்?’

காரணத்தை மெசேஜில் எழுத வேண்டாம். அது நேரில் பேசுவதற்கு. அப்புறம், பதில் வராவிட்டால் உங்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், சில நாள் விட்டு இன்னொரு முறை அனுப்புங்கள். மனம் தளர்ந்திருக்கும் நேரத்தில் பதில் வராத ஒரு மெசேஜ் மலைபோலத் தெரியும், அதனால் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேருக்கு அனுப்புவதே நல்லது. அதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

முதல் சந்திப்பு

வழக்கமாக 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். அன்றைக்குப் பெரும்பாலும் அவர் கேள்வி கேட்பார், சில நேரம் ஒரு படிவமும் தருவார். மனச்சோர்வு எவ்வளவு என்று பார்க்க, கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்வி கேட்கும் பிஎச்கியூ-9 அப்படியான ஒன்று. அது பரீட்சை இல்லை, உள்ளதை உள்ளபடி நிரப்புங்கள். நான் சொல்வது யாருக்கெல்லாம் போகும் என்று நீங்களும் கேளுங்கள். உங்கள் உயிருக்கோ இன்னொருவருக்கோ ஆபத்து, அல்லது ஒரு பிள்ளைக்குத் துன்புறுத்தல் என்றால்தான் வெளியே சொல்ல வேண்டிவரும், மற்றதெல்லாம் அந்த அறைக்குள்தான் என்று அவர் தெளிவாகச் சொல்ல வேண்டும். மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.

முதல் நாள் வீடு திரும்பும்போது இன்னும் பாரமாக இருக்கலாம். அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஒன்லைன் என்றால் இடம்தான் பிரச்சினை. நம் வீடுகளில் ஒரு அறையில் பேசினால் மூன்று அறைக்குக் கேட்கும். உப்புவெளிக் கடற்கரைக்குப் போனால் காற்று மைக்கை நிரப்பிவிடும். எனக்குச் சரிவந்தது வயர் உள்ள ஹெட்செட், மூடிய கதவு, கதவுக்கு வெளியே ஓடும் ரேடியோ. அப்ளிகேஷன்கள் எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். 80 பக்கக் கொப்பி ஒன்று போதும். அந்தக் கிழமை மனதை உறுத்தியதை ஒரு வரி எழுதி வைத்தால் அடுத்த சந்திப்பு வெறுமையாகத் தொடங்காது.

மூன்று நாலு சந்திப்பு கொடுத்துப் பாருங்கள். அதற்குள் குணமாகிவிடாது. ஆனால் இவர் நான் சொல்வதைக் கேட்கிறாரா, போன முறை சொன்னது ஞாபகம் இருக்கிறதா, என்னோடு சேர்ந்து ஏதாவது நோக்கம் வைத்திருக்கிறாரா என்பது தெரிந்துவிடும். புத்திமதி சொல்கிறார், ‘கலியாணம் கட்டினால் சரியாகும்’ என்கிறார், தன் கதையையே பேசுகிறார் என்றால் மாற்றிவிடுங்கள்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்த கிண்ணியாத் தங்கை ஒருவர், உம்மா முதலில் ஓதிப் பார்க்கச் சொல்கிறா, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். நம் வீடுகளில் கோயிலில் நூல் கட்டச் சொல்வதும் அதேதான். சண்டை பிடிக்காதீர்கள், அவர்களுக்குத் தெரிந்த வழியில் உங்களைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். அதற்கும் போங்கள், கிளினிக்கையும் விடாதீர்கள். குளிசையை மட்டும் யார் சொன்னாலும் திடீரென நிறுத்த வேண்டாம். மனச்சோர்வுக்கான குளிசைகள் வேலை செய்யத் தொடங்கவே பொதுவாகச் சில கிழமை எடுக்கும், பத்து நாளில் பலனில்லை என்று நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். நிறுத்தவோ குறைக்கவோ வேண்டுமென்றால் எழுதித் தந்த டொக்டரிடமே கேளுங்கள்.

இன்னொருவர் கேட்டது கட்டணம். முழுத்தொகை கட்ட முடியாவிட்டால் முதல் மெசேஜிலேயே சொல்லுங்கள், சிலர் குறைத்து எடுக்கிறார்கள், சிலர் இரண்டு கிழமைக்கு ஒருமுறை வரச் சொல்கிறார்கள். வராமல் விட்டால் காசு கட்ட வேண்டுமா, எத்தனை மணி நேரத்துக்கு முன் அறிவிக்க வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.