கணினி திடீரென்று நின்றுபோகிறதா? எந்தப் பாகத்தில் கோளாறு என்று வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி

திருகோணமலை உப்புவெளியில் கடற்கரையிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி அக்காவின் வீடு. கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாதத்தில், அவருடைய கணினி பின்னேரம் மூன்று மணியானால் நீலத்திரை காட்டிவிட்டு நின்றுபோகத் தொடங்கியது. "கச்சான் வெக்கை தாங்காமல் நிக்குது" என்றார் அத்தான். கடையில் கொடுத்தார்கள். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டு வந்தது. மூன்றாம் நாள் திரும்ப அதே கதை. இன்னொரு தடவையும் அதையே போட்டார்கள். அப்புறம்தான் "தம்பி, ஒருக்கா வந்து பார்" என்று எனக்குப் போன் வந்தது.

விண்டோஸைப் புதிதாகப் போட்ட பிறகும் நிற்கிறது என்றால், கோளாறு பெரும்பாலும் உள்ளே இருக்கிற ஏதோ ஒரு பாகத்தில்தான். அதைக் கண்டுபிடிக்க ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு பெயின்ட் பிரஷ், ஓர் அழிறப்பர், ஒரு பென் டிரைவ், ஒரு கொப்பி போதும். கொப்பிதான் இவற்றில் முக்கியம்.

தொடங்குமுன் ஒரு வேலை: படங்களையும் ஆவணங்களையும் வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்துவிடுங்கள். ஹார்ட் டிஸ்க்தான் சாகக் கிடக்கிறது என்றால், நீங்கள் அடுத்த முறை சுவிட்சைப் போடுவது அதற்குக் கடைசி முறையாகவும் இருக்கலாம்.

படி 1: எப்போது நிற்கிறது என்று எழுதுங்கள்

ஒவ்வொரு முறை நிற்கும்போதும் நேரம், போட்டு எவ்வளவு நேரமாயிற்று, என்ன செய்துகொண்டிருந்தீர்கள், திரையில் என்ன வந்தது என்று எழுதுங்கள். ஐந்தாறு முறை சேர்ந்தால் போக்குத் தெரியும். வீடியோ, விளையாட்டு என்று வேலை ஏறும்போது மட்டும் நின்றால் சூட்டையோ பவர் சப்ளையையோ (பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கிற பெட்டி) சந்தேகிக்கலாம். நீலத்திரையே இல்லாமல் கரண்ட் போனதுபோலப் பட்டென்று அணைந்தாலும் அப்படித்தான். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழைப் பெயரோடு நீலத்திரை வந்தால் ரேமை, அதாவது தற்காலிக நினைவகத்தை, பாருங்கள். மவுஸ் மட்டும் அசைந்து மற்றதெல்லாம் உறைந்து நின்றால் டிஸ்க்.

அக்காவின் கொப்பியில் எல்லாமே பின்னேரம். அத்தான் சொன்னது சரிதான் என்று நானும் நினைத்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது: அக்கா பள்ளிக்கூடத்தால் வந்து, சாப்பிட்டுவிட்டுப் பின்னேரம் மட்டும்தான் அதைத் தொடுகிறார். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். பத்து நிமிடத்தில் நீலத்திரை. வெக்கைக் கதை அத்தோடு முடிந்தது.

படி 2: விண்டோஸ் என்ன எழுதி வைத்திருக்கிறது?

நீலத்திரை வாசிக்குமுன் மறைந்துவிடுகிறதா? சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்ட், அதில் ஸ்டார்ட்டப் அண்ட் ரெக்கவரி. அங்கே 'தானாக மீண்டும் தொடங்கு' என்ற பொருளில் உள்ள ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட் பெட்டியின் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை திரை அப்படியே நிற்கும். போனில் படம் எடுத்துவிடலாம்.

அடுத்து ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் என்று போய்ச் சிவப்பு அடையாளம் உள்ளவற்றைப் பாருங்கள். 'கெர்னல் பவர் 41' என்று இருந்தால் உடனே பவர் சப்ளை வாங்க ஓடாதீர்கள். கணினி முறைப்படி அணைக்கப்படவில்லை என்பதைத் தவிர அது வேறொன்றும் சொல்வதில்லை. 'வீயா லாகர்' (WHEA-Logger) என்ற பெயர் தெரிந்தால்தான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும். வன்பொருளே விண்டோஸிடம் பிழை சொல்லியிருக்கிறது என்று அர்த்தம்.

படி 3: தூசியும் சூடும்

கணினியை அணைத்து, பிளக்கைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில வினாடி அழுத்திப் பிடியுங்கள். பெட்டியின் வெறும் உலோகத்தை ஒருமுறை தொட்டுவிட்டுக் கையை உள்ளே விடுங்கள். உடம்பில் உள்ள நிலைமின்னேற்றம் போய்விடும். பிரஷால் தூசியைத் தட்டுங்கள். புளோவர் அடிப்பதென்றால் விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள், அது தாறுமாறாகச் சுழலக்கூடாது.

பிறகு ஹெச்டபிள்யூமானிட்டர் போன்ற இலவச மென்பொருளால் வெப்பநிலையைப் பாருங்கள். மேசைக் கணினி சும்மா இருக்கும்போது 40, 50 பாகை காட்டினால் எங்கள் ஊர் வெயிலுக்கு அது ஒன்றுமில்லை. வேலை ஏறும்போது 90ஐத் தாண்டினால் கவனியுங்கள். 100ஐ நெருங்கினால் பல புராசஸர்கள் தாமாகவே வேகத்தைக் குறைக்கும், அதற்கும் மேலே போனால் அணைந்துவிடும். மடிக்கணினி இயல்பிலேயே கூடச் சுடும். தூசி தட்டியும் குறையவில்லை என்றால் புராசஸருக்கும் அதைக் குளிர்விக்கிற பாகத்துக்கும் இடையில் பூசியிருக்கிற தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். பழையதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு ஒரு பட்டாணி அளவு புதிதாக வையுங்கள், அள்ளி அப்பாதீர்கள்.

படி 4: ரேம்

கடலோர வீடுகளில் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். உப்புக் காற்று ஜன்னல் கம்பியை என்ன செய்கிறது என்று பார்த்திருப்பீர்கள். உலோக முனைகள் எல்லாவற்றிலும் அதற்கு ஆசை.

மறுபடியும் பிளக்கைக் கழற்றிவிட்டு, எந்த ரேம் எந்த ஸ்லாட்டில் இருந்தது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரு பக்கக் கொக்கிகளையும் தள்ளி வெளியே எடுங்கள். பொன்னிற முனைகளை அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, துகள்களைப் பிரஷால் தட்டுங்கள். விரல் படக்கூடாது. திரும்பப் போடும்போது கொக்கி 'டக்' என்று விழும்வரை அழுத்த வேண்டும். அரைகுறையாக நிற்கிற ரேம் எத்தனையோ பேரைக் கடைக்கு நடக்க வைத்திருக்கிறது.

சுத்தம் செய்தும் நின்றால், ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளை ஒரு பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து கணினியைத் தொடங்குங்கள் (பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும்). பழைய பயோஸ் (கணினியைத் தொடங்கி வைக்கிற அடிப்படை மென்பொருள்) உள்ள கணினிக்கு மெம்டெஸ்ட்86+ பொருந்தும். பயோஸில் ரேமின் வேகத்தைக் கூட்டுகிற எக்ஸ்எம்பி (XMP) போட்டிருந்தால் முதலில் அணைத்துவிடுங்கள். இலவசப் பதிப்பு நான்கு சுற்று ஓடும். ரேம் கூடக்கூட மணிக்கணக்காகும், ஆகவே இரவில் விட்டுவிட்டுப் படுங்கள். யூபிஎஸ் இருந்தால் நல்லது. எனக்கு மூன்றாம் சுற்றில் கரண்ட் போய், அடுத்த நாள் இரவு முதலில் இருந்து தொடங்க வேண்டி வந்தது.

ஒரே ஒரு பிழை வந்தாலும் பிழைதான், 'ஒன்றுதானே' என்று விடாதீர்கள். ஆனால் உடனே ரேமைக் குற்றம் சாட்டவும் வேண்டாம். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் சோதியுங்கள். பிறகு அதே ரேமை மற்ற ஸ்லாட்டில் போட்டுச் சோதியுங்கள். பிழை ரேமோடு போகிறதா, ஸ்லாட்டோடு நிற்கிறதா என்பதுதான் கேள்வி. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும்; ரேமையும் ஸ்லாட்டையும் சேர்த்து மாற்றினால் கொப்பியில் எழுத ஒன்றும் மிஞ்சாது.

படி 5: டிஸ்க்

டிஸ்க்கின் நிலையைக் காட்டுகிற கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்தால் நீலம் நல்லது, மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு மோசம். ஹார்ட் டிஸ்க்கில் 05, சி5, சி6 வரிகளின் (பழுதான பகுதிகளின் கணக்கு) எண் நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க் போகிறது, மாற்றுங்கள். சி7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான். டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கிற ஒரு சாட்டா கேபிளோடு வேலை முடிந்துவிடும்.

படி 6: பவர் சப்ளை

முதலில் மல்டி பிளக்கை விட்டுவிட்டு நேரே சுவர் பொயின்டில் போட்டுப் பாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால், கணினி ஓடும்போது மஞ்சள் வயருக்கும் கறுப்புக்கும் இடையில் 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதுவும் முழு உத்தரவாதமில்லை. வேலை ஏறும் கணத்தில் விழுகிற வோல்ட்டை மீட்டர் பிடிக்காமல் விடலாம். தெரிந்தவரிடம் நல்லதொன்றை இரவல் வாங்கி இரண்டு நாள் போட்டுப் பார்ப்பதுதான் நம்பகமானது. பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கிற கபாசிட்டர்கள் ஷாக் அடிக்கும்.

அக்காவின் கணினியில் இரண்டு ரேமும் நல்லவை. எதை இரண்டாம் ஸ்லாட்டில் போட்டாலும் பிழை, முதல் ஸ்லாட்டில் எதைப் போட்டாலும் சுத்தம். போன் வெளிச்சத்தில் பார்த்தபோது இரண்டாம் ஸ்லாட்டுக்குள் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. இப்போது ஒரே ரேமில் ஓடுகிறது, கொஞ்சம் மெதுவாக. மற்ற ரேம் ஒரு கடித உறையில், அக்காவின் வினாத்தாள் கட்டுகளுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. வாடைக்காற்று தொடங்குமுன் இன்னொருக்கால் திறந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.