ஆரம்பப் பிரிவில் இசையும் கலைவிழாவும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் ஒரு தமிழ்மொழிமூலப் பாடசாலையின் ஆண்டு முழுவதும் விழாக்களாலேயே நிரம்பியிருக்கிறது. தைப்பொங்கல், சுதந்திர தினம், விளையாட்டுப் போட்டி, தமிழ்த்தினப் போட்டி, ஒக்டோபர் 1 சிறுவர் தினம், 6 ஆசிரியர் தினம், வாணி விழா, தீபாவளி, ஆண்டு முடிவில் நத்தாருக்கான ஒளிவிழா. பிள்ளைகளுக்கு இவை வேண்டும், மறுப்பில்லை. ஆனால் தவறுகளில் அனேகமானவை ஒரே இடத்திலிருந்து வருகின்றன. முன்வரிசையில் இருந்து பார்க்கப்போகிறவர்களை மனதில் வைத்து நிகழ்ச்சியைத் திட்டமிடுகிறோம். ஆடிப் பாடும் பிள்ளையின் தொண்டை, வயிறு, பயம், ஆசை எல்லாம் கடைசியில்தான் கணக்குக்கு வருகின்றன.

இவற்றில் மிக மோசமானது, “நீ பாடாதே, வாயை மட்டும் அசை” என்று ஒரு பிள்ளையிடம் சொல்வது. குழுப்பாடல் பழக்கும்போது சுருதி சேராத பிள்ளையை அடக்க இது சுலபமான வழியாகத் தெரியும். ஆனால் ஆறு ஏழு வயதில் பல பிள்ளைகளுக்குப் பேசும் குரலும் பாடும் குரலும் இன்னும் பிரிந்திருப்பதில்லை. காது சரியாகவே கேட்டாலும், கேட்டதைத் தொண்டையால் எடுக்கும் பழக்கம் பிந்தித்தான் வரும். பயிற்சியோடும் வயதோடும் அது திருந்தும். வாயை மூடச் சொன்னால் அந்தப் பயிற்சியே நின்றுவிடும். “எனக்குப் பாட வராது” என்று இன்று சொல்லும் பெரியவர்களை விசாரித்துப் பாருங்கள், பலருக்கு இப்படி ஒரு வகுப்பறை நினைவில் இருக்கும்.

செய்ய வேண்டியது தலைகீழானது. பிள்ளையை நம் சுரத்துக்கு இழுக்காமல், பிள்ளைக்கு இயல்பாக வரும் சுரத்தை முதலில் நாம் பிடித்துப் பாட வேண்டும். இரண்டு குரலும் ஒன்றுசேரும் உணர்வு எப்படியிருக்கும் என்று பிள்ளைக்கு அப்போது புரியும். அங்கிருந்து ஒவ்வொரு சுரமாக மேலே கூட்டிப் போகலாம். அம்புலன்ஸ் சத்தம், குயிலின் கூவல், காலையில் தெருவில் பாண் விற்றுவரும் சூன் பாண் ஓட்டோவின் மெட்டு என்று விளையாட்டாகப் பழக்கினால் குரல் மேலும் கீழும் தானாக ஓடத் தொடங்கும். ஐந்து நிமிடம் போதும், ஆனால் நாள்தோறும் வேண்டும்.

சுருதி சேரவில்லை என்றால் பிள்ளையில் குறை காண்பதற்கு முன், நாம் கொடுத்த சுருதியைப் பார்க்க வேண்டும். இந்த வயதில் குரல்நாண்கள் சிறியவை. கீபோர்டில் நடு ‘சி’ தொடக்கம் மேல் ‘சி’ வரையான ஒரு ஸ்தாயிதான் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வசதி. பாடகர் ஒருவரின் கரோக்கே இசையைத் தொலைபேசியில் இறக்கி அப்படியே ஒலிக்கவிட்டால், கீழே போகும் இடத்தில் குரல் அடைத்துப்போகும், மேலே போகும் இடத்தில் கத்தலாகும். கீபோர்டில் சுருதி மாற்றும் வசதி இருக்கிறது, தொலைபேசிச் செயலிகளிலும் இருக்கிறது. ஒரு நிமிட வேலை இது. ஆண் ஆசிரியர் ஒரு ஸ்தாயி கீழே பாடிக் காட்டும்போதும் சின்னப் பிள்ளைகள் குழம்புவார்கள், அப்போது நன்றாகப் பாடும் ஒரு பிள்ளையையே முன்னால் நிறுத்திப் பாடவைக்கலாம். “கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரிக் கத்திப் பாடு” என்பதையும் விட்டுவிட வேண்டும். அந்த வேலைக்குத்தான் ஒலிவாங்கி இருக்கிறது.

பாட்டின் பொருள் தெரியாமல் பாடவைப்பது அடுத்தது. தேசிய கீதத்தையே எடுத்துக்கொள்வோம். பண்டிதர் மு. நல்லதம்பி தமிழில் தந்த வரிகளைப் பிள்ளைகள் காதால் மட்டும் பிடித்து, சொற்களை எங்கெங்கோ பிரித்துப் பாடுகிறார்கள். 2016 பெப்ரவரி 4 அன்று காலிமுகத்திடலில் நடந்த தேசிய விழாவில் தமிழில் ஒலித்த பாடல் அது. வரிக்கு வரி பொருள் சொல்லிக் கொடுக்க ஒரு பாடவேளை செலவழிப்பது பெரிய விடயமில்லை. சிங்களப் பாடலைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாடமாக்கும்போதும் இதே கதைதான். இரண்டாம் மொழி ஆசிரியரை அழைத்துப் பொருளையும் உச்சரிப்பையும் கேட்டால் பாட்டும் வரும், மொழியும் கொஞ்சம் வரும். பெரியவர்களின் காதலையும் குடியையும் பேசும் சினிமாப் பாட்டுக்கு ஏழு வயதுப் பிள்ளையை ஆடவைப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன், சபை எவ்வளவு கைதட்டினாலும் சரி. கும்மியும் கோலாட்டமும் வகுப்பிலுள்ள அத்தனை பிள்ளைகளையும் ஒரே வட்டத்துக்குள் எடுத்துக்கொள்ளும். ஆடிப்பிறப்பைப் பற்றி நவாலியூர் சோமசுந்தரப் புலவர் பிள்ளைகளுக்கெனவே பாடிவைத்திருக்கிறார்.

வெளியே நடன வகுப்புக்குப் போகும் நான்கு பிள்ளைகளே ஒவ்வொரு விழாவிலும் முன்னால் நிற்பார்கள். மற்றவர்கள் மரமாக, மேகமாக, அல்லது பார்வையாளராக. ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி, ஒரு தாளக்கட்டு, ஓர் அறிவித்தல் கிடைத்ததா என்று வகுப்பாசிரியர் ஒரு கொப்பியில் குறித்துவைக்க வேண்டும். திக்குவாய் உள்ள பிள்ளையைப் பேச்சுக்கு நிறுத்தத் தயங்குவோம், ஆனால் திக்குகிற பலர் பாடும்போது தடையில்லாமல் பாடுவார்கள். கேட்டுப் பார்க்காமல் ஒதுக்கக் கூடாது.

விழா நாளில் நடப்பதையும் சொல்ல வேண்டும். மூன்று மணி நிகழ்ச்சிக்குப் பன்னிரண்டு மணிக்கே முகப்பூச்சோடு பிள்ளைகளை வரவழைப்பார்கள். பிரதம அதிதி வரப் பிந்தும். பிறகு மங்கள விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, மாலை, பொன்னாடை. முதலாம் தரப் பிள்ளை மேடையேறும்போது ஐந்தரை ஆகியிருக்கும். கொழும்பின் புழுக்கத்தில், செயற்கைப் பட்டுக்குள், உடுப்புக் கழன்றுவிடும் என்று தண்ணீரும் கொடுக்காமல், மலசலகூடத்துக்கும் விடாமல் வைத்திருப்பதைக் கொண்டாட்டம் என்று சொல்ல முடியாது. சின்ன வகுப்புகளை முதலில் மேடையேற்றி உடனே பெற்றோரிடம் விடுங்கள். உரைகளை இரண்டோடு நிறுத்துங்கள். ஒலிபெருக்கிக்கு நேர் முன்னால் பிள்ளைகளை இருத்தாதீர்கள்.

உடுப்புச் செலவையும் யோசிக்க வேண்டும். கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்திலும் நாட்கூலியில் ஓடும் வீடுகள் நிறைய. அங்கே ஒரு நடன உடுப்பின் வாடகை சிறிய தொகையில்லை. சொல்ல வெட்கப்பட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கடிதம் கொடுத்துவிடுவார்கள். சீருடையோடு ஒரு நிறத் துணியைக் கட்டினாலே மேடைக்குப் போதும்.

ஒரே வகுப்பில் இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் பிள்ளைகள் இருப்பது இந்த நகரத்தில் வழமை. வாணி விழாவிலோ ஒளிவிழாவிலோ கட்டாயப்படுத்திப் பாடவைப்பதும் தவறு, “உனக்கு இது இல்லை” என்று வகுப்பிலேயே விட்டுவிட்டுப் போவதும் தவறு. பெற்றோரிடம் முன்கூட்டியே கேளுங்கள். விருப்பமில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அலங்காரத்தில், அறிவிப்பில் இடம் இருக்கிறது.

பெற்றோர் பக்கத்துக்கும் வருவோம். வயலின் படிக்க இரண்டாம் தரப் பிள்ளைக்கு “வளர்ந்த பிறகும் உதவும்” என்று முழு அளவு வயலின் வாங்குவார்கள். அந்த வயதுக்குப் பொதுவாகக் கால் அளவுதான் பொருந்தும். தோளில் வைத்து இடக்கையை நீட்டும்போது வயலினின் தலைப்பகுதி உள்ளங்கைக்குள் வர வேண்டும். வெள்ளவத்தையில் மாலை நேரங்களில் சதுரங்கம், நீச்சல், கராத்தே, அபாகஸ் என்று காலி வீதி நெரிசலுக்குள் இழுபடும் பிள்ளைக்கு வீட்டில் பயிற்சி செய்ய நேரமே மிஞ்சுவதில்லை. ஒன்றிரண்டு போதும். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகள் நல்லவைதான். ஆனால் தொடக்கப் பயிற்சியான சரளிவரிசையை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், நிதானமாகப் பாட முன்னரே அடுத்த தரத்துக்கு விண்ணப்பித்தால், சான்றிதழ் வரும், பாட்டு வராது.

பிறகு தரம் நான்கு வந்ததும் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை என்று எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறோம். சங்கீத வகுப்பு வேண்டாம், நடனம் வேண்டாம், பாடசாலையிலும் அழகியல் நேரத்தில் மாதிரி வினாத்தாள். அந்தப் பிள்ளை ஆறாம் தரத்தில் சங்கீதமா, நடனமா, சித்திரமா, நாடகமா என்று தெரிவுசெய்ய வேண்டிய நேரத்தில், இரண்டு ஆண்டுகளாக எதையும் தொடாமல் வந்து நிற்கிறது. வகுப்பைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். பரீட்சை ஆண்டிலும் வாரத்தில் இரண்டு நாள் இருபது நிமிடம் பாடினால் எந்தப் புள்ளியும் குறையப்போவதில்லை. வினாத்தாள் நேரத்துக்காக அழகியல் பாடவேளையைப் பறிக்கும் பாடசாலையிடம் போய், அதைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்கும் உரிமை பெற்றோருக்கு இருக்கிறது.