அமெரிக்கக் குடியுரிமை விண்ணப்பம்: பெயர்க் குழப்பத்திலும் தாமதத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் குடியுரிமைக்கான என்-400 படிவத்தின் தொடக்கப் பக்கங்களிலேயே பெயர் கேட்கப்படுகிறது. தமிழர் பலருக்குச் சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். நம்மில் பெரும்பாலோருக்குத் தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்து இனிஷியலாக முன்னால் நிற்கிறது, திருமணத்துக்குப் பிறகு பெண்களில் பலர் அந்த எழுத்தை மாற்றிக்கொள்கிறார்கள், பாஸ்போர்ட் எடுக்கும்போது அது விரிந்து முழுப்பெயராகி எங்கோ ஓரிடத்தில் அமர்ந்துவிடுகிறது. பள்ளிச் சான்றிதழில் ஒரு வடிவம், பாஸ்போர்ட்டில் வேறொன்று, கிரீன் கார்டில் மூன்றாவதாக ஒன்று என்று சேர்ந்துவிட்ட இந்த வேறுபாடுகளில் தவறு எதுவும் இல்லை. அவற்றை மறைப்பதும், நாமாகவே திருத்தி எழுதிவிடுவதும், கடைசி நேரத்தில் சரிசெய்ய முனைவதும்தான் விண்ணப்பத்தை மாதக்கணக்கில் முடக்குகின்றன.

முதல் தவறு, விரும்பும் பெயரை இப்போதைய சட்டப்பெயர் என்று எழுதிவிடுவது. படிவம் மூன்று வெவ்வேறு செய்திகளைத் தனித்தனியாகக் கேட்கிறது: இப்போதைய சட்டப்பெயர், பிறந்தது முதல் பயன்படுத்திய பிற பெயர்கள், பெயரை மாற்றிக்கொள்ள விருப்பமா என்ற கேள்வி. சட்டப்பெயர் என்பது பிறப்பு ஆவணத்தில் உள்ள பெயர், அல்லது திருமணத்தாலோ நீதிமன்ற ஆணையாலோ முறைப்படி மாறிய பெயர். கிரீன் கார்டில் பெயர் எழுத்துப்பிழையோடு இருந்தால், அந்த வடிவத்தைப் பிற பெயர்களில் பிழையோடு அப்படியே எழுதுவது நல்லது. அதை விட்டுவிட்டால், அதிகாரியின் கையில் இருக்கும் கோப்பும் உங்கள் படிவமும் பொருந்தாமல் போகும்.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது: பிற பெயர்களுக்கான இடத்தைக் காலியாக விட்டுவிடுவது. பெயரை மாற்றிக்கொண்டதே இல்லை என்பதால் எழுத எதுவுமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் திருமணத்துக்கு முன் தந்தை பெயரோடும் பின் கணவர் பெயரோடும் வழங்கிய இரு வடிவங்கள், முன்பின்னாக இடம் மாறிய பெயர்கள், ஒரு சான்றிதழில் இனிஷியலோடும் மற்றொன்றில் விரிவாகவும் உள்ள பெயர், ழகரத்தை ஒரு ஆவணத்தில் ஒற்றை ஆங்கில எழுத்தாலும் வேறொன்றில் இரண்டு எழுத்தாலும் எழுதிய வேறுபாடு ஆகிய அனைத்தும், அதிகாரபூர்வ ஆவணம் ஒன்றில் இடம்பெற்றிருந்தால், அந்தப் பட்டியலில் இருப்பதே பாதுகாப்பு. ஒவ்வொரு விண்ணப்பதாரரின் கைரேகையோடு பெயரும் எஃப்.பி.ஐ.யின் பதிவுகளோடு ஒப்பிடப்படுகிறது. வேறொருவரின் பெயரோடு பொருந்திவிட்டால், அது நீங்கள் அல்ல என்பதை ஒருவர் கோப்பைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டியிருக்கும். நேர்காணலில் புதிதாக ஒரு பெயர் வெளிவந்தால் சரிபார்ப்பை மீண்டும் செய்ய நேரலாம். இதற்கும் மேலாக, அந்தப் படிவத்தில் நீங்கள் கையெழுத்திடுவது, பொய் சொன்னால் தண்டனைக்கு உள்ளாவேன் என்ற உறுதியின்பேரில் என்பதால், கவனக்குறைவாக விட்டதுகூட மறைத்ததாகத் தோன்ற இடமுண்டு. பட்டியல் நீண்டுவிடுமோ என்று கூச வேண்டாம். இடம் போதாவிட்டால் கூடுதல் தாள் இணைக்கப் படிவத்திலேயே வழி இருக்கிறது.

எஃப்.என்.யூ. என்ற மூன்று எழுத்துகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்திய பாஸ்போர்ட்டில் சர்நேம் பகுதி காலியாக இருந்து, பெயர் முழுவதும் கிவன் நேம் பகுதியில் மட்டும் இருந்தால், அமெரிக்க விசாவில் அந்தப் பெயர் முழுவதும் சர்நேமாக மாறி, கிவன் நேம் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. என்று அச்சாகிவிடும். முதற்பெயர் தெரியவில்லை என்பதற்கான அலுவலகக் குறி அது. அங்கிருந்து அது ஓட்டுநர் உரிமத்துக்கும் சம்பளச் சீட்டுக்கும் வங்கிக் கணக்குக்கும் பரவி, சிலரை அலுவலகத்தில் அந்த எழுத்துகளாலேயே அழைக்கும் நிலைவரை போய்விடுகிறது. தன் பெயரை ஒருவர் இப்படி இழப்பது எனக்கு எப்போதும் வருத்தமளிக்கும் செய்தி. விண்ணப்பத்தில் அதைச் சட்டப்பெயராக எழுதுவதும் தவறு, இருந்ததே இல்லை என்பதுபோல் விட்டுவிடுவதும் தவறு. எந்தெந்த ஆவணங்களில் அது இருக்கிறதோ அந்த வடிவத்தைப் பிற பெயர்களில் குறிப்பிட்டு, பாஸ்போர்ட்டின் பெயர்ப் பக்கத்தை நேர்காணலுக்குக் கையோடு கொண்டு செல்ல வேண்டும். காலாவதியான பழைய பாஸ்போர்ட்டுகளையும் விட்டுவிடக் கூடாது. பெயர் எந்தக் கட்டத்தில் எப்படி மாறியது என்பதற்கு அவற்றைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது அரிது.

இரண்டு பெயர்களும் ஒரே நபருடையவை என்று நோட்டரியிடம் கையெழுத்து வாங்கிய பத்திரம் ஒன்றை மட்டும் நம்பிப் போகிறவர்களும் உண்டு. விளக்கத்துக்கு அது துணையாக இருக்கலாம், ஆனால் அது பெயரை மாற்றும் ஆவணம் ஆகாது. திருமணச் சான்றிதழ், விவாகரத்து ஆணை, நீதிமன்றத்தின் பெயர்மாற்ற ஆணை ஆகியவையே மாற்றத்துக்கு ஆதாரம்.

பெயர்மாற்றம் கேட்கலாமா?

குடியுரிமை விண்ணப்பத்தோடு சேர்த்துப் பெயரை மாற்றிக்கொள்ள முடியும். அதற்குத் தனிக் கட்டணமும் இல்லை. ஆனால் குடியேற்ற அலுவலகமான யு.எஸ்.சி.ஐ.எஸ்.க்குத் தானாகப் பெயரை மாற்றும் அதிகாரம் கிடையாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. நீதிபதி முன்னிலையில் நடக்கும் குடியுரிமை உறுதிமொழி விழாவில்தான் அது நிறைவேறும். உறுதிமொழி விழாக்கள் இரு வகை: யு.எஸ்.சி.ஐ.எஸ். அதிகாரிகளே நடத்துபவை, நீதிமன்றம் நடத்துபவை. உங்கள் பகுதியில் நீதிமன்ற விழா அரிதாக நடந்தால், நேர்காணல் அன்றே உறுதிமொழி எடுத்துவிட்டு வீடு திரும்பியிருக்கக்கூடிய ஒருவர், ஒரு பெயர்மாற்றக் கோரிக்கைக்காக நீதிமன்ற நாளை எதிர்நோக்கிக் காத்திருக்க வேண்டியிருக்கும். சிறிய எழுத்து வேறுபாட்டுக்காக யோசிக்காமல் ஆம் என்று குறிப்பதை இதனால்தான் தவிர்க்கச் சொல்கிறேன். எஃப்.என்.யூ. உள்ளவர்களுக்கு என் கருத்து நேர்மாறானது: இந்த வாய்ப்பை விடாதீர்கள், கொஞ்சம் காத்திருந்தாலும் பரவாயில்லை. அமெரிக்க பாஸ்போர்ட் உடனடியாகத் தேவைப்படுவோர் மட்டும், குடியுரிமை பெற்ற பிறகு மாநில நீதிமன்றத்தில் தனியாக மனுச் செய்யும் வழியைத் தேர்ந்தெடுக்கலாம். அதற்குக் கட்டணமும் அலைச்சலும் உண்டு. திருமணத்தால் ஏற்கெனவே முறைப்படி பெயர் மாறியவர்களுக்கு இந்த மனுவே தேவையில்லை, திருமணச் சான்றிதழ் போதும்.

பிள்ளைகளின் பெயரையும் ஒருமுறை பாருங்கள். தந்தை முருகன் கந்தசாமி, மகன் கவின் முருகன் என்று இருந்தால், நம் வழக்கம் அறியாதவர் கண்ணுக்கு இருவரும் வெவ்வேறு குடும்பத்தினராகத் தெரிவார்கள். பெற்றோரில் ஒருவர் குடியுரிமை பெறும்போது, கிரீன் கார்டு வைத்திருந்து அவரது பொறுப்பில் அமெரிக்காவில் வாழும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளை தானாகவே குடியுரிமை பெறுகிறது. ஆனால் பிள்ளைக்கு பாஸ்போர்ட் எடுக்கும்போது உறவை நிறுவ வேண்டும் என்பதால், பெற்றோர் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழில் எழுத்துகள் பொருந்துகின்றனவா என்று முன்பே சரிபார்ப்பது நல்லது.

தாமதம் நேரும்போது

சில தாமதங்களை நாமே வரவழைத்துக்கொள்கிறோம். கிரீன் கார்டு பெற்று ஐந்து ஆண்டுகள் (அமெரிக்கக் குடியுரிமை உள்ளவரை மணந்து உடன் வாழ்பவர்களுக்கு மூன்று ஆண்டுகள்) நிறைவதற்கு 90 நாட்களுக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். அதற்கு ஒரு நாள் முந்தினாலும் விண்ணப்பம் வீணாகலாம். வீடு மாறினால் 10 நாட்களுக்குள் ஏ.ஆர்-11 படிவத்தின் மூலம் புதிய முகவரியைத் தெரிவிக்க வேண்டும். அஞ்சல் நிலையத்தில் மட்டும் மாற்றிவிட்டு இதை மறந்தவர்களின் நேர்காணல் கடிதம் பழைய வீட்டுக்குப் போய்ச் சேரும். நேர்காணலுக்கு வராததற்குக் காரணம் தெரிவிக்காவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாக மூடப்படும். தாமதத்தைப் பொறுக்க முடியாமல் இரண்டாவது விண்ணப்பம் போடுவது மிக மோசமான முடிவு: கட்டணமும் போகும், ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் என்ற புதுக் குழப்பமும் சேரும்.

காத்திருக்கும் காலத்தில் கிரீன் கார்டு காலாவதியாகிவிடுமோ என்ற பயம் பலரிடம் உண்டு. 2022 டிசம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, என்-400 சமர்ப்பித்தவர்களுக்குக் கிடைக்கும் ரசீதுக் கடிதமே, காலாவதியான கார்டோடு சேர்த்துக் காட்டும்போது, அதன் செல்லுபடியை 24 மாதங்கள் நீட்டிக்கிறது. வெளிநாடு செல்லவும் தடையில்லை. ஆனால் ஆறு மாதங்களுக்கு மேல் தொடர்ந்து வெளியே தங்கினால், தொடர்ச்சியான வசிப்பிடம் முறிந்ததாகக் கருதப்பட இடமுண்டு.

நேர்காணல் முடிந்தும் முடிவு வராத நிலை வேறு வகை. நேர்காணலின் முடிவில் தரப்படும் என்-652 தாளில், தேர்ச்சி பெற்றீர்களா, கூடுதல் ஆவணம் தேவையா, முடிவு இன்னும் எடுக்கப்படவில்லையா என்பது குறிக்கப்பட்டிருக்கும். அதைப் பத்திரமாக வைத்திருங்கள். நேர்காணல் நடந்து 120 நாட்களுக்குள் முடிவு வராவிட்டால், கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தை அணுகும் உரிமையைக் குடியேற்றச் சட்டத்தின் 336(பி) பிரிவு தருகிறது. இந்தக் கணக்கை விண்ணப்பித்த நாளிலிருந்து தொடங்குவது பலர் செய்யும் பிழை. நேர்காணலுக்கே அழைப்பு வராதவர்களுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. நீதிமன்றம் செல்வதற்கு முன், யு.எஸ்.சி.ஐ.எஸ். தளத்தில் எழுத்துப்பூர்வமாக விசாரியுங்கள். அடுத்து உங்கள் தொகுதியின் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினர் அலுவலகத்தை நாடுங்கள். உங்கள் ஒப்புதல் கையெழுத்தைப் பெற்றுக்கொண்டு அவர்கள் கோப்பின் நிலையைக் கேட்டுச் சொல்வார்கள், இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. வழக்குத் தொடுப்பதானால் வழக்கறிஞர் இல்லாமல் இறங்க வேண்டாம்.

உறுதிமொழி விழா நாளில் கவனம் தளர்ந்துவிடுவது இயல்பு. ஆனாலும் குடியுரிமைச் சான்றிதழ் கைக்கு வந்ததும், அங்கிருந்து நகர்வதற்கு முன்பே, பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் பிறந்த தேதியையும் படித்துப் பாருங்கள். பிழை இருந்தால் அப்போதே அதிகாரியிடம் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த பின் கண்டுபிடித்தால் என்-565 படிவத்தின் வழியே போக வேண்டும். அலுவலகம் செய்த பிழைக்குக் கட்டணம் இல்லாவிட்டாலும் காத்திருப்பு உண்டு. பெயர் மாறியிருந்தால், நீதிமன்றம் தரும் பெயர்மாற்ற ஆவணத்தைச் சான்றிதழோடு சேர்த்தே வைத்திருங்கள். 1955ஆம் ஆண்டு இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, வேறு நாட்டுக் குடியுரிமையைத் தாமாக ஏற்பவரின் இந்தியக் குடியுரிமை முடிந்துவிடுகிறது. எனவே இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்கவும் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்தியருக்கான ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கவும் வேண்டியிருக்கும்போது, பழைய பெயரையும் புதிய பெயரையும் இணைத்துக் காட்டும் அந்த ஆவணம் அங்கே மீண்டும் கேட்கப்படும்.