நெஞ்செரிச்சலுக்குக் கைகொடுத்த செங்கல்

பகலில் ஒன்றும் இருக்காது. ராத்திரி படுத்த கொஞ்ச நேரத்தில் நெஞ்சுக்குள் எரிச்சல், தொண்டைவரை புளித்த தண்ணீர். மாத்திரை போட்டால் அடங்கும், நிறுத்தினால் திரும்பும்.

குளிர்ந்த பால் குடித்தேன். அந்த நேரத்துக்குச் சுகம். அப்புறம் பழைய கதைதான், பாலும் அமிலத்தைச் சுரக்க வைக்கும். சீரகத் தண்ணீர் ஏப்பத்தைக் குறைத்ததோடு சரி. புதினா டீ குடித்த இரவுகள்தான் படுமோசம். வயிற்றுக்கு நல்லது என்பார்கள். ஆனால் உணவுக்குழாயின் அடியில் இருக்கும் தசை வளையத்தைப் புதினா தளர்த்திவிடும், அமிலம் மேலே ஏறிவிடும். இரவு இட்லிக்குப் புதினாச் சட்னி தொட்டுக்கொள்வதையும் நிறுத்தினேன்.

தலையணையை அடுக்கியதில் கழுத்துவலிதான் மிச்சம். இடுப்பு மடங்கி வயிறு இன்னும் அழுந்தியது. கடைசியில் கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டையும் செங்கல் வைத்து 6 அங்குலம் உயர்த்தினேன். வழுக்காமலிருக்க நடுவில் பழைய சைக்கிள் டியூப் துண்டு. இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இரைப்பை உணவுக்குழாய்க்குக் கீழே போய்விடும். படுக்க 3 மணி நேரம் முன்பே சாப்பாடு முடிந்துவிடும். எரிச்சல் நின்றது, அப்பாடா.

மாத்திரையை டாக்டரிடம் கேட்டுத்தான் நிறுத்தினேன். விழுங்கும்போது அடைத்தாலோ மலம் கறுப்பாகப் போனாலோ செங்கல் தேட வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிதான்.