போனதைப் போக விடப் பழகுவது எப்படி?

இலங்கை மலையகத்தில், சிங்களக் கிராமத்தை ஒட்டின தேயிலைத் தோட்டங்களில் இருப்பவர்கள் பார்த்திருப்பீர்கள், அங்கே சாவு விழுந்தால் ரோட்டோரம் வெள்ளைக்கொடியும், சிங்கள எழுத்தில் 'அநிச்சா வத சங்காரா' என்ற பதாகையும் தொங்கும். பௌத்தர்களின் பாலி மொழி வாசகம் அது, கூடி உண்டான எதுவும் நிலைக்காது என்று அர்த்தம். சரி, நம் வீட்டில் கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் பஸ் ஏறிப் போன பிறகு இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மதம் மாற வேண்டாம், மாரியம்மனையும் விட வேண்டாம்.

முதலில் அழுது தீருங்கள். சம்யுத்த நிகாயம் என்ற பௌத்த நூலில் புத்தர் இரண்டு அம்புகளைப் பற்றிச் சொல்கிறார்: உடம்புக்கு வருகிற வலி முதல் அம்பு, அதை நினைத்து நினைத்துப் புலம்புவது நாமே குத்திக்கொள்கிற இரண்டாவது. உங்கள் அம்மா இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள், அம்மா போனது முதல் அம்பு மாதிரி. 'முதல் நாளே டவுனுக்குக் கொண்டு போயிருந்தா பிழைச்சிருப்பாங்களே' என்று ராத்திரி ஓடுகிற பேச்சு இரண்டாவது. அது வரும்போது சண்டை போடாதீர்கள். 'இது ரெண்டாவது அம்பு' என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, தொண்டை அடைக்கிறதா, நெஞ்சு கனக்கிறதா என்று பாருங்கள், மூச்சை மெதுவாக விட்டு, கையில் இருந்த வேலைக்குத் திரும்புங்கள். அஞ்சு நிமிஷத்தில் மறுபடி வரும், மறுபடி சொல்லுங்கள், அலுப்பாகத்தான் இருக்கும்.

காலையில் தேத்தண்ணி கொதிக்கிற நேரத்தில் அங்குத்தர நிகாயம் என்ற இன்னொரு பௌத்த நூலின் ஐந்து நினைவுகளைச் சொல்லிப் பாருங்கள்: மூப்பு எனக்கும் உண்டு, நோயும் சாவும் உண்டு, பிரியமான எல்லாவற்றையும் பிரிவேன், நான் செய்ததுதான் எனக்குச் சொந்தம். முதல் வாரம் பயமாக இருக்கும்.

அப்புறம் சாமான்கள். இதில்தான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள், அதுவும் சித்தி பெரியம்மாமார் ஒரே நாளில் மூட்டை கட்டிவிடுவார்கள், விடாதீர்கள். பௌத்தர்கள் ஏழாம் நாளிலும் மூன்றாம் மாதத்திலும் இறந்தவர் பேரில் தானம் கொடுத்துப் புண்ணியத்தை அவருக்குச் சேர்ப்பார்கள். அதே மாதிரி கம்பளி, பூட்ஸ் என்று உபயோகப்படுவதை ஒவ்வொன்றாக, தேவைப்படுகிறவர் கையில், அம்மா பேரைச் சொல்லிக் கொடுங்கள். கொழுந்துக்கூடை கடைசியில் போகட்டும். அதன் கயிறு தலையில் பதிகிற இடம் எண்ணெய் ஏறிக் கறுத்திருக்கும், அதைத் தொட்டால் கை நகராது. நகராவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே.

பிள்ளையைப் பறிகொடுத்த கிசாகோதமியை, சாவே விழாத வீட்டில் கடுகு வாங்கி வரச் சொல்லி புத்தர் அனுப்பினார், அப்படி ஒரு வீடும் அவளுக்குக் கிடைக்கவில்லை. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அவ்வளவு தூரம் நடக்க வேண்டியதில்லை, பக்கத்துக் காம்பரா (அறை) கதவைத் தட்டி, அவர்கள் யாரை இழந்தார்கள் என்று கேட்டு உட்காருங்கள்.

ஒன்று மட்டும் கவனம். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களையே மூடியது. அப்படி வீட்டை இழந்தவர்களிடம் 'எல்லாம் அநித்தியம்' என்று சொல்லி வாயை அடைக்க யாருக்கும் உரிமையில்லை, பாதுகாப்பான இடத்தில் வீடு கேட்டுப் போராடிக்கொண்டே துக்கத்தையும் இறக்கி வைக்கலாம். தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் இல்லாமல் போனால் தியானத்தை நம்பி இருக்காதீர்கள், 1926க்கு எடுங்கள், இலங்கையின் தேசிய மனநல நிறுவனத்தின் எண் அது.