டிஸ்க் என்றார்கள், கால் ஏன் இன்னும் தளர்கிறது?

50 வயதைத் தாண்டியவர் யாருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் அநேகமாக ஏதாவது ஒரு தேய்மானம் தெரியும். ரிப்போர்ட்டில் எல்4-எல்5 (இடுப்பு முதுகெலும்பின் 4, 5-ஆம் எலும்புகளுக்கு இடையே) டிஸ்க் பிதுக்கம் என்று இருப்பதாலேயே கால் தளர்ச்சிக்கு அதுதான் காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். பிசியோதெரபிஸ்டான நான் ஃபிலிமுக்கு முன் காலைத்தான் பார்ப்பேன்.

ஃபிலிமும் காலும் பொருந்தாதபோது எனக்கு வரும் சந்தேகம், தண்டுவட உறையில் உண்டாகும் தமனி-சிரை இணைப்பு. நரம்பு வேர் உறையைத் தாண்டும் இடத்தில் சிறு தமனி ஒன்று நேராகச் சிரையில் திறந்துவிடுகிறது. வடிகால் அடைத்த வயலைப் போலத் தண்டுவடத்தில் இரத்தம் தேங்கி, வீக்கம் வருகிறது. ஆண்டுக்கு 10 லட்சம் பேரில் 5 முதல் 10 பேருக்குத்தான் வரும். பெரும்பாலும் நடுவயதைக் கடந்த ஆண்கள்.

நடந்தால் கால் தளர்வதும் உட்கார்ந்தால் தெளிவதும் இரண்டு நோயிலும் உண்டு, ஏமாற்றுவதே அதுதான். ஆகவே வேறு சிலவற்றைக் கவனியுங்கள். மரத்துப்போதல் பாதத்திலிருந்து மேலே ஏறுகிறதா? செருப்பு கழன்றது தெரியாமல் நடக்கிறீர்களா? சிறுநீர் கழிக்க நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கிறதா? புதிதாக மலச்சிக்கலா? ஆண்மைக் குறைவும் ஓர் அறிகுறிதான், ஆனால் அதை மருமகள் முன்னால் எந்த மாமனாரும் சொல்ல மாட்டார். உடன் வந்தவர் சற்று வெளியே இருக்கட்டும். பயிற்சி செய்தபின் கால் மேலும் தளர்ந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள்.

உள்ளங்காலைக் கீறிப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். கட்டைவிரல் மேல்நோக்கி எழுந்தால் அதற்கு எல்4-எல்5 டிஸ்க் காரணமாக முடியாது. விரல் எழுவது தண்டுவடம் பாதிக்கப்பட்டதன் அடையாளம், தண்டுவடமோ அதற்கு மேலே எல்1-எல்2 அருகிலேயே முடிந்துவிடுகிறது. விரல் எழாவிட்டாலும் நிம்மதி அடைய வேண்டாம். தண்டுவடத்தின் அடிநுனி வீங்கினால் அனிச்சைகள் மங்கியும் போகும்.

இடுப்பு ஸ்கேனின் மேல் ஓரத்தில் தண்டுவடம் வெளுத்திருக்கிறதா, அதன் பின்புறம் புழு நெளிந்தாற்போல் கரும்புள்ளிகள் உண்டா என்று கேளுங்கள். மார்புப் பகுதிக்கும் எம்.ஆர்.ஐ. வேண்டும், ஏனெனில் வீக்கம் ஓரிடத்திலும் இணைப்பு வேறிடத்திலும் இருக்கலாம். உறுதி செய்வது தண்டுவட ஆஞ்சியோகிராம்.

தண்டுவட அழற்சி என்று கருதி ஸ்டீராய்டு ஏற்றியபின் கால் திடீரென மோசமானால் அதே நேரத்தில் மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்நோயில் அப்படி நேர்வதுண்டு.

இணைப்பை அறுவை மூலம் துண்டிக்கலாம், அல்லது குழாய்வழி பசை செலுத்தி அடைக்கலாம். காலின் பலம் ஓரளவு திரும்பும், சிறுநீர்ப் பிரச்சினை அவ்வளவு எளிதில் விடாது. சிறுநீர் அடியோடு நின்றுவிட்டால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திராமல் பழைய ஸ்கேன் சிடிக்களோடு அவசரப் பிரிவுக்குப் போங்கள்.